கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி: இப்போதே போடுவதா, காத்திருப்பதா, எதைப் போடுவது?

ஆந்திராவின் நகரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை 2023 கோடை விடுமுறைக்குத் தன் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள், பிள்ளைகள் மாடியில் இருந்த நேரம் பார்த்து, "அண்ணா, திருத்தணி டாக்டரம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்க ஊசி இருக்கு, ரெண்டு பேருக்கும் போட்டுடுங்கன்னு சொன்னாங்க. எங்க அத்தை கூடவே கூடாதுன்னு நிக்கிறாங்க. நீங்க படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். பெரியவளுக்கு அப்போது 16 வயது, சின்னவளுக்கு 13. அத்தை, அதாவது அவளுடைய மாமியார், மறுத்ததற்குக் காரணம் இருந்தது. 2010 இல் தெலுங்குத் தொலைக்காட்சிகளில் இந்த ஊசி போட்ட கம்மம் மாவட்டத்துச் சிறுமிகள் சிலர் இறந்ததாக வந்த செய்திகளை அவர் மறக்கவில்லை. விசைத்தறிக் கூடங்களில் அன்றைக்குப் பரவிய பேச்சு, நகரி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்னும் ஓயவில்லை.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருப்பவன், மருத்துவன் அல்லன். ஆனாலும் தங்கை கேட்டதற்கு "டாக்டர் சொன்னால் சரிதான்" என்று ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தையின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. எங்கள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதற்கு என்ன சான்று இருக்கிறது, அந்தச் சான்றை யார் பார்த்து ஒப்புதல் தந்தார்கள், அந்த ஒப்புதலை ஒரு தாய் எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்த்தோம். அதே கேள்வியோடு இருக்கும் எல்லையோரத்துக் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

அன்று எங்கள் முன் ஐந்து வழிகள் இருந்தன. சீரம் நிறுவனம் தயாரித்து அந்த ஆண்டுத் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த செர்வாவாக் என்ற புதிய இந்தியத் தடுப்பூசி ஒன்று. 2008 முதலே இந்தியாவில் ஒப்புதல் பெற்றிருந்த, நான்கு வகை வைரஸ்களைத் தடுக்கும் பழைய கார்டசில் இரண்டாவது. ஒன்பது வகைகளைத் தடுக்கும் கார்டசில் 9 மூன்றாவது. அரசு இலவசமாகப் போடும் நாள் வரும்வரை காத்திருப்பது நான்காவது. தடுப்பூசியே வேண்டாம், பிற்காலத்தில் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம் என்ற அத்தையின் வழி ஐந்தாவது.

இந்த நோய் எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவின் எடை அதில்தான் இருக்கிறது. உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2020 இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,23,900 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 77,300 பேர் அதனால் இறந்தார்கள். மனித பாப்பிலோமா வைரஸ் என்ற கிருமி பல ஆண்டுகள் உடலில் தங்கிவிடுவதால் வரும் புற்றுநோய் இது. இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸில் பல வகைகள் உண்டு. 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டும் உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏழுக்குக் காரணம். செர்வாவாக், கார்டசில் இரண்டுமே அந்த இரண்டையும், மருக்களை உண்டாக்கும் 6, 11 ஆகியவற்றையும் தடுப்பவை.

இனி ஒப்புதலுக்கு வருகிறேன். தங்கையும் மைத்துனரும் கேட்ட முதல் கேள்வியே, "புதுசா வந்த ஊசியை எதை வெச்சு நம்புறது?" என்பதுதான்.

பழைய கார்டசிலுக்கு அமெரிக்காவில் 2006 இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு அடிப்படையாக இருந்த பெரிய ஆய்வுகளில் ஒன்றில் 12,000 க்கும் மேற்பட்ட இளம்பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதிக்குத் தடுப்பூசியும் மறுபாதிக்கு மருந்தற்ற ஊசியும் போட்டு, யாருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய திசுமாற்றம் வருகிறது என்று பார்த்தார்கள். 16, 18 வகைகளால் வரும் திசுமாற்றம், தடுப்பூசியை முறையாகப் போட்டுக்கொண்டவர்களிடம் ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்திருந்தது. அப்போது காட்டப்பட்டது திசுமாற்றத்தைத் தடுப்பது மட்டுமே. புற்றுநோயைத் தடுப்பது அன்று. கிருமி தொற்றியதிலிருந்து புற்றுநோய் முற்றுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை காத்திருந்து ஒப்புதல் தருவது நடைமுறைக்கு ஒவ்வாது. அந்தக் கடைசி இழையும் பின்னர் வந்து சேர்ந்தது. 2020 இல் சுவீடனில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்தபோது, 17 வயதுக்கு முன் இதே தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோயே 88 விழுக்காடு குறைந்திருந்தது. 2021 இல் இங்கிலாந்தில், செர்வாரிக்ஸ் என்ற வேறொரு தடுப்பூசியை 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் 87 விழுக்காடு குறைந்திருந்தது.

செர்வாவாக்கின் ஒப்புதல் வேறு வகைப்பட்டது. இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2022 ஜூலையில் அதற்குச் சந்தை ஒப்புதல் வழங்கினார். அந்த ஒப்புதலுக்குப் பின்னால் இருந்த ஆய்வு, நாட்டின் 12 இடங்களில் 2,000 க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. அதில் மருந்தற்ற ஊசி யாருக்கும் போடப்படவில்லை. பலன் தரும் தடுப்பூசி ஒன்று கையில் இருக்கும்போது ஒரு பாதிப் பெண்களைப் பாதுகாப்பில்லாமல் விட்டு, திசுமாற்றம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது அறமாகாது. ஆகவே புதிய ஊசி போட்டவர்களின் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளின் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தின்) அளவு, கார்டசில் போட்டவர்களின் அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டார்கள். குறையவில்லை என்று தெரிந்த பிறகே ஒப்புதல் தந்தார்கள்.

இதை மைத்துனருக்கு விளக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. தறியில் ஒரு பாவு (நீளவாட்டு இழைகள்) முடியும் தறுவாயில், அதன் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துத் திருகி இழுத்துக்கொள்வார்கள். புதிதாக அச்சுக் கோப்பதில்லை. பழைய பாவு சரியாகக் கோத்திருந்தால், பிணைப்பும் சரியாக இருந்தால், புதிய பாவும் அதே வழியில் ஓடும். கார்டசிலின் நீண்ட சான்று பழைய பாவு. எதிர்ப்பொருள் ஒப்பீடு பிணைப்பு. செர்வாவாக் புதிய பாவு. "அப்படின்னா முடிச்சு எங்கே அவிழும்னு பார்க்கணும்" என்றார் அவர். அவர் கேட்டது சரியான கேள்வி. அவிழக்கூடிய இடம் ஒன்று உண்டு. இந்த வைரஸைத் தடுக்க இரத்தத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு எதிர்ப்பொருள் இருக்க வேண்டும் என்ற எல்லைக்கோடு இன்னும் வரையறுக்கப்படவில்லை. எதிர்ப்பொருள் சமமாக இருந்தால் பாதுகாப்பும் சமமாக இருக்கும் என்பது வலுவான அனுமானம். இரு ஊசிகளும் ஒரே வகையில், வைரஸின் மேலோட்டைப் போன்ற வெற்றுத் துகளை ஈஸ்டில் வளர்த்துத் தயாரிக்கப்படுவதால் அனுமானம் இன்னும் வலுக்கிறது. ஆனாலும் அது அனுமானமே. இளம்பெண்களைப் பொறுத்தவரை பழைய கார்டசிலுக்கு அந்த அனுமானம் தேவைப்படவில்லை. ஒப்பீட்டில் கார்டசில் தெளிவாக முந்தும் முதல் இடம் இது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இவ்வகைத் தடுப்பூசிகள் உலகெங்கும் 27 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் வழங்கப்பட்ட பிறகு, 2017 இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு சான்றுகளைப் பரிசீலித்தது. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஏறத்தாழ 1.7 பேருக்கு வரலாம் என்றும், பதின்வயதினர் ஊசிக்குப் பயந்து மயங்கி விழுவது உண்டு என்றும் அது பதிவு செய்தது. அதனால்தான் ஊசி போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். செர்வாவாக்குக்கு இவ்வளவு நீண்ட பதிவு 2023 இல் இருக்க வாய்ப்பில்லை. எந்தப் புதிய தடுப்பூசிக்கும் ஒப்புதலுக்குப் பிறகான கண்காணிப்புதான் அரிதான விளைவுகளைக் காட்டித் தரும். இரண்டாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில் பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் விளைவு தென்படாது. எண்ணிக்கையின் இயல்பு அது, ஆய்வின் குறையன்று.

என் மனத்தை உறுத்திய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒப்புதல் 2022 ஜூலையில் வந்தது. ஆனால் அந்த ஆய்வின் முழு விவரம், மற்ற அறிஞர்கள் படித்துக் குறை சொல்லக்கூடிய கட்டுரையாக, 2023 இறுதியில்தான் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளிவந்தது. நாங்கள் முடிவெடுக்க உட்கார்ந்த கோடையில், கட்டுப்பாட்டாளர் பார்த்த எண்களை நாங்கள் பார்க்க முடியவில்லை. அவர் பார்த்தார் என்ற நம்பிக்கையில்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் கோவாக்சினுக்கு மூன்றாம் கட்ட ஆய்வின் பலன் தெரியும் முன்னரே, 'மருத்துவ ஆய்வு முறையில்' என்ற நிபந்தனையோடு அவசர ஒப்புதல் தந்தார்கள். அதன் பலன் பின்னால் நன்றாகவே வந்தது. என்றாலும் முதலில் ஒப்புதலும் பிறகு சான்றும் என்ற அந்த வரிசையைக் கண்ட மக்கள், அடுத்த புதிய ஊசியையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்கள். செர்வாவாக்குக்கு ஆய்வு முடிந்த பிறகே முழுச் சந்தை ஒப்புதல் வந்தது. அவசர ஒப்புதல் அதில் இல்லை. இந்த வேறுபாட்டை யாரும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. தடுப்பூசிகளுக்கான தேசிய ஆலோசனைக் குழு 2022 இல் அதை அரசுத் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்ததும் அவர்கள் காதுக்கு எட்டியதில்லை.

இனி அத்தையின் கம்மத்துக்கு வருகிறேன். தங்கை வீட்டில் முடிவு தடைபட்டு நின்றது அங்கேதான் என்பதால் இதில் நீண்ட நேரம் செலவிட்டோம்.

2009 இல், அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், பாத் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து ஒரு செயல்விளக்கத் திட்டத்தை நடத்தியது. கம்மத்தில் கார்டசிலும் வடோதராவில் செர்வாரிக்ஸும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டன. கம்மத்தில் மட்டும் ஏறத்தாழ 14,000 சிறுமிகள். அவர்களில் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள் பலர். இரு மாநிலங்களிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

மரணங்களை விசாரித்ததில் ஒரு சிறுமி கல்குவாரி நீரில் மூழ்கியவள், ஒருத்தி பாம்பு கடித்தவள், இருவர் பூச்சிமருந்து குடித்தவர்கள், ஒருத்தி மலேரியாவால் இறந்தவள் என்று தெரிந்தது. மற்ற இருவரின் மரணக் காரணம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. தடுப்பூசியோடு தொடர்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றே முடிவு செய்தார்கள். இதை அத்தையிடம் நான் அப்படியே சொன்னேன், அந்த இருவரையும் மறைக்காமல். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பிள்ளைங்களோட அம்மாக்களைக் கேட்டாங்களா?" என்றார்.

பலரைக் கேட்கவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 இல் தந்த அறிக்கையில் அது இருக்கிறது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 1,948 இல் வெறும் கைநாட்டுகள் இருந்தன. பக்கவிளைவுகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடும் போதுமானதாக இல்லை என்று குழு கண்டித்தது. அந்த ஊசி 2008 இலேயே ஒப்புதல் பெற்ற ஊசி. அந்த ஒப்புதலிலும் முறைகேடு இருந்ததாகத் தோன்றுகிறது என்று அதே குழு சொன்னது. ஆனால் அத்தையின் கேள்வி அதைப் பற்றியது அன்று. ஒப்புதல் என்ற அதே சொல்லை இரண்டு இடங்களில் வைக்கிறோம்: மருந்துக்கு அரசு தரும் ஒப்புதல், தன் பிள்ளைக்குப் போடத் தாய் தரும் ஒப்புதல். முதலாவது கிடைத்துவிட்டதை வைத்து இரண்டாவதைக் கடந்து போனார்கள். அந்த அவமதிப்புத்தான் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நகரியில் ஒரு விசைத்தறி வீட்டில் வந்து நின்றது. ஆகவே அத்தையின் மறுப்பைத் தடுப்பூசி எதிர்ப்பு என்று பெயரிடுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவர் கேட்டது நாடாளுமன்றக் குழு கேட்ட அதே கேள்வி.

இதே நிறுத்தத்தால் இன்னொன்றும் நடந்தது. அது தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. 2009 இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தியாவில் வேறொரு ஆய்வைத் தொடங்கியிருந்தது. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பது அதன் நோக்கம். திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதன் களங்களில் ஒன்று. கம்மம் விவகாரத்தால் எல்லா ஆய்வுகளும் நிறுத்தப்பட்டபோது 17,729 சிறுமிகள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றுக்கு எதிராக ஒரு டோஸ் 95.4 விழுக்காடும், இரண்டு டோஸ் 93.1 விழுக்காடும், மூன்று டோஸ் 93.3 விழுக்காடும் பாதுகாப்பு தந்திருந்தன. ஒரு டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் சொன்னதற்கு, கென்யாவில் நடந்த ஆய்வோடு சேர்த்து, அம்பிளிக்கைச் சிறுமிகளின் இரத்தமும் காரணம். அந்தக் கிராமத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சந்தேகம் வந்ததும் நிறுத்திவைப்பது பாதுகாப்பான வழி என்று தோன்றும். ஜப்பான் அப்படித்தான் செய்தது. பக்கவிளைவுச் செய்திகள் பரவியதால் 2013 ஜூனில் அரசு தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. எழுபது விழுக்காடு அளவில் இருந்த தடுப்பூசி வீதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. 2022 ஏப்ரலில்தான் பரிந்துரை மீண்டது. அந்த இடைவெளியால், 1994 முதல் 2007 வரை பிறந்த ஜப்பானியப் பெண்களில் 5,000 க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நேரும் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிறுத்தியபோது யாருக்கும் எந்தக் கேடும் நேர்ந்ததாகத் தெரிவதில்லை. கேடு இருபது ஆண்டு கழித்து வேறொரு வாசலில் வந்து நிற்கிறது. ஐந்தாவது வழியை நாங்கள் விட்டதற்கு இதுவே முதற்காரணம்.

அந்த ஐந்தாவது வழியில் உண்மையும் இருக்கிறது. பரிசோதனை பயனற்றது என்று யாரும் சொல்லவில்லை. திண்டுக்கல் மாவட்டத்திலேயே, 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 விழுக்காடு குறைந்ததை 2007 இல் காட்டினார்கள். ஆனால் பரிசோதனைக்கு ஒரு பெண் முப்பது வயதில் நேரம் ஒதுக்கி, கூச்சத்தை விட்டு, திரும்பத் திரும்ப வர வேண்டும். தறிக்கூடத்துக்குக் காலையில் போய் இரவில் திரும்பும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் மகள்கள் எல்லோரும் அப்படி வருவார்கள் என்று நம்பி ஊசியைத் தவிர்க்க எனக்குத் துணிவில்லை.

ஒன்பது வகைத் தடுப்பூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தடுக்கும் கூடுதல் ஐந்து வகைகளையும் சேர்த்தால் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காரணமான வகைகள் அடங்கிவிடும். அறிவியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுதான் சிறந்தது. ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றதும் மைத்துனர் தலையை ஆட்டிவிட்டார். வசதி உள்ளவர்கள் தயங்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

காத்திருக்கும் வழிதான் உண்மையில் எங்களை இழுத்தது. செர்வாவாக்கை அரசுக்கு 200 முதல் 400 ரூபாய்க்குள் தர முடியும் என்று சீரம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலா 2022 செப்டம்பரில் சொல்லியிருந்தார். சிக்கிம் மாநிலம் 2018 இலேயே 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் பள்ளிகளில் போட்டு, ஏறத்தாழ 97 விழுக்காட்டை எட்டிக் காட்டியது. முன்கூட்டியே ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூட்டிப் பேசிய பிறகே அங்கே ஊசியைத் தொட்டார்கள். இலவசம் என்பதோடு, ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்ந்து போடும்போது அச்சமும் குறையும். ஆனால் 2023 கோடையில் திட்டம் தொடங்கும் நாளை யாராலும் சொல்ல முடியவில்லை. சின்னவள் 15 வயதைத் தாண்டினால் இரண்டு டோஸ் மூன்றாகும். பெரியவள் ஏற்கெனவே தாண்டிவிட்டாள். அரசுத் திட்டம் வந்தாலும் பெரும்பாலும் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே வரும் என்பதால், அவளுக்குக் காத்திருப்பு என்பது வேண்டாம் என்பதன் வேறொரு பெயராகவே இருந்தது. சுவீடன் ஆய்வில் 17 வயதுக்கு முன் போட்டவர்களுக்கு 88 விழுக்காடு என்றால், 17 முதல் 30 வயதுக்குள் போட்டவர்களுக்கு 53 விழுக்காடு மட்டுமே. அவளுக்கு அந்த எல்லை சில மாதங்களில் வரவிருந்தது. வாரக் கூலிக் குடும்பத்தில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளை இருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்: இரண்டொரு ஆண்டு காத்திருந்து பாருங்கள், பிள்ளை 14 ஆவதற்குள் திட்டம் வரவில்லையென்றால் சொந்தச் செலவில் போடுங்கள்.

ஆக, கடைசியில் எங்கள் முன் நின்றவை செர்வாவாக்கும் பழைய கார்டசிலும். அப்போது ஒரு டோஸ் செர்வாவாக் ஏறத்தாழ 2,000 ரூபாய். கார்டசில் அதன் இருமடங்கு அளவில். சின்னவளுக்கு இரண்டு, பெரியவளுக்கு மூன்று என்றால் செர்வாவாக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் ஆகும். ஒரு குறுக்குவழியையும் யோசித்தோம். உலக சுகாதார நிறுவனம் 20 வயது வரை ஒரு டோஸும் போதும் என்கிறதே, இருவருக்கும் ஆளுக்கொரு கார்டசில் டோஸ் போட்டுவிட்டால் செலவு எட்டாயிரத்தோடு முடியுமே, சான்றும் வலுவானதாயிற்றே என்று. இதில் நியாயம் இருக்கிறது. ஒரு டோஸின் நீண்ட சான்று முழுவதும் பழைய ஊசிகளின் சான்றே. ஆனால் இந்தியாவில் இரு ஊசிகளுக்கும் ஒப்புதல் தரப்பட்ட முறை அப்போது 15 வயதுக்குக் கீழே இரண்டு, மேலே மூன்று என்பதாகவே இருந்தது. ஊசிச் சீட்டில் எழுதியிருப்பது ஒன்று, நாங்கள் போட்டது வேறொன்று என்றால், நாளைக்கு அத்தை கேட்கும்போது காட்ட எங்கள் கையில் காகிதம் இருக்காது. எங்களைப் பொறுத்தவரை நம்பிக்கையின் பாதி அந்தக் காகிதத்தில் இருந்தது. மருத்துவரின் அறிவுரையோடு ஒரு டோஸைத் தேர்ந்தெடுப்பவர்களைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

தங்கை செர்வாவாக்கைத் தேர்ந்தெடுத்தாள். கார்டசிலை முழு முறைப்படிப் போட்டால் இருபதாயிரம் ஆகியிருக்கும். பாதி வழியில் பணம் இல்லாமல் டோஸ் நின்றுபோகும் ஆபத்தை அவள் பெரிதாக நினைத்தாள். பணம் இருந்திருந்தால் பெரியவளுக்காவது கார்டசிலைச் சொல்லியிருப்பேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டுக்கும் இடையே சான்றின் நீளத்தில் வேறுபாடு இருந்தது. ஊசி போடுவதற்கும் போடாமல் விடுவதற்கும் இடையே இருந்த வேறுபாட்டோடு ஒப்பிட்டால் அது சிறியது.

போடும் முன் தங்கை இரண்டு பெண்களையும் உட்கார வைத்து, எதற்கு இந்த ஊசி, எப்படி வரும் இந்த நோய் என்று தானே சொன்னாள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் உடம்பில் ஊசியை ஏற்பதும் மறுப்பதும் ஒருவரின் உரிமை என்று தீர்ப்பளித்ததை நான் படித்துக் காட்டினேன். சின்னவள் வலிக்குமா என்று மட்டும் கேட்டாள். பெரியவள், பையன்களும் இந்தக் கிருமியைச் சுமப்பார்கள் என்றால் அவர்களுக்கு ஏன் போடுவதில்லை என்று கேட்டாள். செர்வாவாக்குக்கு ஆண்பிள்ளைகளுக்கும் ஒப்புதல் உண்டு, நம் வீடுகளில்தான் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்றேன்.

மே மாதக் கடைசியில் திருத்தணியில் முதல் டோஸ் போட்டார்கள். செவிலியரிடம் குப்பியை வாங்கிப் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றையும் தங்கை தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு தொகுதியும் கசௌலியில் உள்ள மத்திய ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்ட பிறகே வெளிவரும் என்று நான் சொல்லியிருந்ததால், அந்த எண் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். சின்னவளுக்கு அன்று மாலை கை வலித்தது, மறுநாள் சரியாகிவிட்டது. பெரியவளின் மூன்றாம் டோஸும் சின்னவளின் இரண்டாம் டோஸும் நவம்பரில் முடிந்தன. அதன் பிறகுதான் செர்வாவாக் ஆய்வுக் கட்டுரை என் கைக்கு வந்தது. அட்டவணைகளைத் தங்கையின் வீட்டில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படித்துச் சொன்னேன். எதிர்ப்பொருள் அளவில் புதியது பழையதற்குக் குறையவில்லை என்ற இடம் வந்ததும் மைத்துனர், "முடிச்சு நிக்குது" என்றார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "பிள்ளைங்களுக்கு ஆச்சு. நமக்கு அந்த அமிலம் தடவிப் பார்க்கிறது எங்கே பண்றாங்கன்னு கேளு" என்றார். அவருக்கு 61 வயது, தங்கைக்கு 38. தறிக்கு விடுமுறை விட்ட அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தார்கள்.